ஓய்வுத் துடிப்பு

அலுவலகத்தில் கேக் வெட்டும்போதெல்லாம் தில்லைநாயகிக்கு வயிற்றைப் புரட்டும். கேக்கின் மேல் குற்றமில்லை. வாரம் தவறாமல் பெரிய திரை ஏறக்குறைய முழுக்கப் பச்சையானதும் நாற்காலிகளை விட்டு எழுந்து வந்து, ஒருவர் வாயில் ஒருவர் விரலை விட்டு ஊட்டி, அந்த எச்சில் விரலாலேயே செல்போனில் படமும் எடுத்துக்கொள்கிற முப்பது பேரைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. கேக்கின் மேல் 'நூறு சதவீதம்' என்று எழுதியிருக்கும். எதில் நூறு என்று கேட்டால் அங்கே பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

அவளுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் நாடெங்கும் ஒரு காய்ச்சல் பரவிப் போன பிறகு, நாலில் ஒருவருக்கு இதயம் தானாக ஒழுங்காய்த் துடிப்பதில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சின்ன மிஷின் வைத்துத் துடிக்கவைக்க வேண்டியிருக்கிறது. தில்லைக்கும் அங்கே ஒன்று உண்டு. கம்பியில்லாமல் பேசுகிற எந்த மிஷினிலும் ஓட்டை இருக்கும். வடக்கே ஏதோ ஊரில் எவனோ ஒருத்தன் வீட்டில் உட்கார்ந்தபடியே, தெருவில் போன ஒரு பஸ்ஸில் இருந்தவர்களின் இதயங்களைத் தறிகெட்டு ஓடவிட்டுப் பார்த்தான். அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. நெஞ்சிலிருக்கும் மிஷினை வாராவாரம் ஸ்கேன் செய்து ஓட்டை தேட வேண்டும்; இருந்தால் பேட்ச் போட்டு அடைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் ஸ்கேன் தோற்றுப்போனால் அந்த ஆள் பாதுகாப்பற்றவர். அவருக்கு எந்த வேலையிடத்தின் கதவும் திறக்காது. ஸ்கேன் செய்யும் பொறுப்பு முதலாளிகளுடையது. அதற்கான மென்பொருளை விற்பது தில்லை வேலை பார்க்கும் கவசநிரல் என்ற கம்பெனி. தோற்றுப்போன ஸ்கேன்கள் ஏன் தோற்றன என்று துருவிக் கண்டுபிடிப்பது அவள் வேலை.

"ஒரே ஒரு சிவப்புப் புள்ளி பாக்கி இருக்கு தில்லை" என்றார் அவளுடைய மேலாளர் ரகோத்தமன், மீசையில் கிரீமோடு. "தூத்துக்குடில ஒரு இறால் கம்பெனி. முன்னூறு பேர், எல்லாருமே மிஷின் வெச்சவங்க. ரெண்டு வாரமா ஒருத்தருக்குக்கூட ஸ்கேன் தேறல. பாவம். போய் முடிச்சுக் குடுத்துட்டு வந்துடுங்க."

ரகோத்தமன் எல்லோரையும் பாவம் என்பார். யாருக்கு ஆபத்து வந்தாலும் அந்தச் சொல்லை முதலில் எடுத்துவைத்துவிட்டு, நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இறால் உரிக்கும் கூடத்துக்குள் காலை வைத்ததும் தில்லைக்குக் காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டைவரை வந்து திரும்பியது. குளோரின் நெடி, அதற்கு அடியில் அழுகல், அதற்கும் அடியில் பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று. நீளமான ஸ்டீல் மேஜைகளின் இருபுறமும் வெள்ளை கவுனும் ரப்பர் பூட்ஸும் போட்ட பெண்கள் நின்றபடியே தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவி எறிந்துகொண்டிருந்தார்கள். ஐஸ் தண்ணீரில் ஊறி எல்லோருடைய விரல் நுனிகளும் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

பணியாளர் பிரிவு மேனேஜர் செல்வின்துரை ஒரு குச்சியால் பல் இடுக்கைக் குடைந்தபடியே பேசினார். குடைந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயில் வைத்தார். மிஷினில் எந்தக் கோளாறும் இல்லை, இந்தப் பொம்பளைகள்தான் வேண்டுமென்றே எதையோ அணைத்து வைக்கிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. நெஞ்சிலிருக்கும் மிஷினை அணைத்தால் ஆள் செத்துப்போவாள் என்று தில்லை எடுத்துச் சொன்னாள். அதற்கு அவர், "இவளுவ செஞ்சாலும் செய்வாளுவ மேடம்" என்றார்.

வழக்கமான சோதனைகளை எல்லாம் அவள் வரிசையாகச் செய்தாள். ஸ்கேன் பெட்டி ஓய்வறைச் சுவரில் மாட்டியிருந்தது, விளக்கு எரிந்தது. கடவுச்சொல் சரி. மென்பொருள் புதியது. கடிகாரம் சரி. ஸ்டீல் மேஜைகள் அலைவரிசையைக் கெடுக்கின்றனவோ என்று பெட்டியைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டிப் பார்த்தாள். அதன் அடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தன் மிஷினையே ஸ்கேன் செய்தாள். அது அங்கேயே தேறிவிட்டது. மற்ற எல்லாருக்கும் ஒரே பதில்தான் வந்தது: ஓய்வுத் துடிப்பு கிடைக்கவில்லை.

நெஞ்சு மிஷினுக்கு இருப்பது சின்ன மூளை. இதயம் வேகமாய் ஓடும்போது அந்த மூளை முழுக்க இதயத்திலேயே இருக்கும். ஸ்கேனுக்குப் பதில் சொல்லாது. ஆள் அமைதியாக உட்கார்ந்து, துடிப்பு இறங்கி, அது பன்னிரண்டு நிமிடம் அப்படியே நிலைத்தால்தான் ஸ்கேன் முடியும். பெட்டியை ஓய்வறையில் மாட்டச் சொன்னதே அதற்காகத்தான்.

மதிய இடைவேளையில் தில்லை அந்த ஓய்வறையில் போய்க் காத்திருந்தாள். வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றின் மேலும் கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஒருத்திகூட வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கேதான் போனார்கள் என்று பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

முன்னூறு பெண்களுக்கு இரண்டு கக்கூஸ். அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவளுக்காக வெளியே ஒருத்தி கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசை கூடத்தின் சுவரைச் சுற்றி வளைந்து போயிற்று. வாசலில் தேங்கிய தண்ணீரில் செங்கல் போட்டு அதன் மேல் கால்வைத்து நின்றார்கள். வரிசையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இடது கையில் டிபன் டப்பா, வலது கையில் சோற்று உருண்டை, மூக்குக்கு நேரே கக்கூஸ் நாற்றம். ஒரு வாய் சாப்பிடுவதும், ஓரடி நகர்வதும், மறுபடி ஒரு வாய் சாப்பிடுவதுமாக இருந்தார்கள். தில்லை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை.

"இங்கெல்லாம் வராதீங்க மேடம், வழுக்கும்" என்று வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் மரிய ஜெசிந்தா.

ஓய்வறையில் ஏன் யாரும் உட்காருவதில்லை என்று தில்லை கேட்டாள்.

"உக்காந்தா இங்க எடம் போயிரும். மணியடிச்சா மேசைக்கு ஓடணும். அப்பொறம் சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கணும். அதுக்குத்தான் காலைலேர்ந்து ஒருத்தரும் தண்ணி குடிக்க மாட்டோம்." ஜெசிந்தா டப்பாவை மூடினாள். "நாளான்னைக்கு மூணாவது வாரம் முடியுது. கேட்டு தொறக்காதுன்னு செல்வின் சார் சொல்லுதாரு. வேல போனா கம்பெனி குடுத்த வீட்டையும் காலி பண்ணணும். என் பையன் பத்தாவது படிக்கான். இந்த ஸ்கேன வீட்ல தூங்கும்போது எடுக்கக் கூடாதா மேடம்?"

"பெட்டியை வேலை பார்க்கற இடத்துலதான் மாட்டணும்னு சட்டம். எங்க ஆபீஸ்ல நாங்க நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருப்போம். அது பாட்டுக்கு நடந்துடும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நாள் முழுக்க நிக்கற வேலைன்னு ஒண்ணு இருக்கும்னு இதை எழுதினவங்களுக்குத் தோணல."

"அப்போ உக்காராததுக்கு எங்களுக்குத் தண்டனை" என்றாள் ஜெசிந்தா. அதற்குள் வரிசை ஓரடி நகர்ந்தது; அவளும் நகர்ந்து போய்விட்டாள்.

தில்லை அங்கிருந்தே ரகோத்தமனைக் கூப்பிட்டு, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். கக்கூஸ் போதவில்லை, இன்னும் பத்து கட்டினால் ஸ்கேன் தேறும்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கக்கூஸுக்கு நம்மகிட்ட பேட்ச் இல்லையே தில்லை. காரணம்ங்கற கட்டத்துல அப்படி ஒண்ணு கிடையாது. பாஸ்வேர்டு, நெட்வொர்க், பெட்டி, பழைய வெர்ஷன், மத்தவை. இதுல ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

செல்வின்துரையிடம் போனாள். கட்டடம் சம்பந்தமானதெல்லாம் தலைமை அலுவலகம், அடுத்த வருஷம்தான் பேச முடியும் என்றார். இடைவேளையைக் கூட்டிக் கொடுக்கலாமே என்றாள். இறால் காத்திருக்காது என்றார். முன்னூறு பேரை வெளியே நிறுத்தினாலும் இறால் கெட்டுப்போகுமே என்று அவள் மடக்கினாள். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது: மிஷின் வைக்காத பெண்கள் ஒடிசாவிலிருந்து வர ரெடியாக இருக்கிறார்கள். சொல்லிவிட்டு மறுபடி குச்சியைத் தேடினார்.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்து மிஷினின் நிரலைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வசதி அவள் கண்ணில் பட்டது. அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்காக வைத்தது. அமைதி நிலை என்று பெயர். மிஷின் இதயத்தை ஓய்வுத் துடிப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும்; கூடவே இதயத்துக்கு வரும் நரம்பையும் லேசாகத் தூண்டி உடம்பை அடங்கவைக்கும். ஸ்கேன் பெட்டியே அதற்கு ஆணை கொடுத்தால் போதும். ஆள் உட்கார வேண்டியதில்லை. நின்றாலும் நடந்தாலும் பெட்டியின் கண்ணுக்கு அது ஓய்வுதான்.

முதலில் தன் மேலேயே போட்டுப் பார்த்தாள். விரல்கள் கொஞ்சம் சில்லிட்டன, தூக்கம் வருவதுபோல இருந்தது, அவ்வளவுதான். ரகோத்தமன் போனில் ஒரு டாக்டரைப் பிடித்து, டீ ஆறுவதற்குள் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். அந்த டாக்டர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார் என்று தில்லை விசாரிக்கவில்லை. மறுநாள் வேலை நேரத்தில் முன்னூறு பேருக்கும் ஸ்கேன் ஓடியது. திரையில் சிவப்பு கொத்துக்கொத்தாகப் பச்சையாக மாறியது. காரணம் என்ற கட்டத்தில் 'மத்தவை' என்பதைத் தட்டி, மென்பொருளில் சரிசெய்யப்பட்டது என்று எழுதி முடித்துவிட்டு ரயிலேறினாள். கேட் திறக்கும் என்ற சந்தோஷத்தில் ஜெசிந்தா அவளுக்கு ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். அதன் வாடை பையைவிட்டுப் போக ஒரு மாதமாயிற்று. அந்த ஒரு வாடை மட்டும் அவளுக்கு அருவருக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் அவள் கையை மீறி நடந்தது. அவள் அவசரத்துக்குப் போட்ட முடிச்சு கம்பெனியின் புதிய சரக்காகிவிட்டது. அதற்கு நல்லோய்வு என்று பெயர் வைத்தார்கள். மில்களிலும் பட்டாசு ஆலைகளிலும் சரக்குக் கிடங்குகளிலும் கேட்டு வாங்கினார்கள். நின்று வேலை பார்க்கும் மனிதர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே கவசநிரலுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

ஒருநாள் கூட்டத்தில் ரகோத்தமன் அந்த இறால் கம்பெனியின் படத்தைத் திரையில் போட்டார். பக்கத்தில், 'மீட்கப்பட்ட இடைவேளை' என்ற தலைப்பில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"மீட்கப்பட்டதுன்னா?" என்று தில்லை கேட்டாள்.

"இடைவேளை இனிமே தேவைப்படல. தொழிலாளிக்கு ஓய்வு குடுக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. ஓய்வு கிடைச்சதா இல்லையான்னு நம்ம ஸ்கேன் சான்றிதழே சொல்லிடுதே." மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தன் முந்திரிப் பருப்பை மென்றபடியே ஆட்டினான். தில்லைக்கு உடம்பு முழுக்கக் கூசியது. மறுநாளே சொந்த விடுப்பில் தூத்துக்குடிக்குப் போனாள்.

ஓய்வறையில் இப்போது அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஸ்கேன் பெட்டி உரிக்கும் கூடத்துக்கே வந்துவிட்டது; அதை மணியோடு இணைத்திருந்தார்கள், மணி அடிக்கும்போதெல்லாம் நல்லோய்வு ஓடும். மணி அடித்தது. யாரும் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றது. முன்னூறு முகங்களும் ஒரே நேரத்தில் தொய்ந்தன. கைகள் மட்டும் கிள்ளி, உரித்து, உருவிக்கொண்டிருந்தன. ஓரத்து மேஜையில் ஒருத்தி மெல்ல முன்னால் சாய்ந்து இறால் குவியலில் முகம் வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டுத் தன் இறாலை எடுத்தாள். விழுந்தவளின் கன்னத்தில் குடல் ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"ரெஸ்ட்ல இருக்காளுவ" என்றார் செல்வின்துரை பெருமையாக. "முன்னல்லாம் இந்த நேரம் எவ்வளவு வேஸ்டாப் போவும் தெரியுமா மேடம்? இப்ப பாருங்க, கக்கூஸ்ல வரிசையே கெடையாது."

இடைவேளை இல்லாவிட்டால் வரிசை எப்படி இருக்கும்? பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டாள். அதற்கு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொல்லி, சுவரோரம் இருந்த ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளுக்குக் கட்டுகிற துணிப்பட்டைகள். கம்பெனி செலவிலேயே கொடுப்பதாக அவர் சேர்த்துக்கொண்டதும் தில்லை வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். இது என்னால் வந்தது என்று வாய்விட்டே சொன்னாள். கேட்க அங்கே யாருமில்லை.

வேலை முடிந்து வந்த ஜெசிந்தாவைக் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பிடித்தாள். மனப்பாடம் செய்ததுபோல மடமடவென்று ஒப்பித்தாள். இந்த அமைதி நிலையையே ஒரு ஓட்டை என்று ஸ்கேனில் தன்னால் பதிய முடியும். படு ஆபத்தான ஓட்டை என்று. பதிந்த அந்த நிமிடமே எல்லாருடைய மிஷினும் சிவப்பாகிவிடும், கம்பெனி நின்றுபோகும், பிறகு அவர்கள் வழிக்கு வந்துதானே ஆக வேண்டும்.

"எத்தன நாளைக்கு நிக்கும்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"தெரியாது."

"அதுவரைக்கும் எங்களுக்குக் கேட்டு தொறக்காது. அப்படித்தான?"

தில்லை தலையசைத்தாள்.

"உங்களுக்குக் கொமட்டுதுன்னு எங்க வேலைய நிறுத்திராதிய மேடம்." ஜெசிந்தாவின் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "போன மாசம் நாங்களே கேக்கப் போனோம். நாப்பது பேரு. செல்வின் சார் ரூம் வாசல்ல நின்னு, கக்கூஸ் கட்டித் தந்தாத்தான் மேசைக்குப் போவோம்னோம். அந்தாளு ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப்போயி மணிய அடிச்சாரு. நேரமே ஆகல, ஆனாலும் அடிச்சாரு. அவ்வளவுதான். என்னத்துக்கு வந்தோம்னு தெரியிது. என்ன கேக்கணும்னும் தெரியிது. ஆனா கேக்கணும்னு தோணல. கோவம் வரல. நாத்தம்கூட நாத்தமாத் தெரியல. எல்லாரும் திரும்பி நடந்து போயி மேசைல நின்னுட்டோம். பன்னெண்டு நிமிசம் களிச்சு ஒருத்தி அழுதா. அதுக்குள்ள கை இறாலுக்குள்ள இருந்துச்சு."

டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

"நாங்க கேட்டது கக்கூஸுதான்" என்றாள் ஜெசிந்தா. "அன்னைக்கு உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னோம்லா? அத எங்கயாவது எழுதுனியளா?"

எழுதவில்லை. 'மத்தவை' என்று ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டு ரயிலேறிப் போனவள்தானே. தில்லைக்குத் தன் மேலேயே அப்போது வந்த அருவருப்பு, கூடத்து நாற்றத்தைவிட மோசமாக இருந்தது.

"இப்ப எழுதுங்க. மிசினு ஓட்டைனுலாம் எழுதி எங்க கேட்ட அடைக்காதிய. இங்க கக்கூஸ் இல்ல, அதக் கேக்கப் போன பொம்பளைவள மணியடிச்சு மயக்குனாவன்னு எழுதுங்க. தொழிலாளர் ஆபீசுக்கு அனுப்புங்க. நாங்க எழுதுனா மிசின் பொம்பளைவ உளறுதாளுவன்னுருவாவ. இத செஞ்ச ஆளே நீங்க. உங்க பேரப் போட்டு எழுதுனா ஒதுக்க முடியாது."

சென்னைக்குத் திரும்பியதும் தில்லை தன் மேஜையிலேயே அதை எழுத உட்கார்ந்தாள். அமைதி நிலை எந்த மிஷினில், எந்த நிமிடத்தில், யாருடைய ஆணையால் ஓடியது என்ற பதிவுகள் அங்கிருந்துதான் கிடைக்கும். ஜெசிந்தா சொன்ன அந்த நேரம் தவறிய மணியும் அதில் இருந்தது. செல்வின்துரையின் பெயரிலேயே இருந்தது. அதை எடுத்து இணைத்தாள். பல் குச்சியை, செங்கல்லை, வரிசையில் நின்று தின்ற சோற்றை, கன்னத்தில் ஒட்டிய குடலை, துணிப்பட்டைப் பெட்டியை, எதையும் விடவில்லை. இதற்கான மென்பொருளை எழுதியவள் நான் என்று தன் முழுப் பெயரையும் எழுதினாள். எழுத எழுத வயிற்றிலிருந்து நெருப்பு கிளம்பித் தொண்டைக்கு வந்தது. இத்தனை வருஷமாய்த் தனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டுவது ஒரு நோய் என்று நினைத்திருந்தாள். அது நோயில்லை, உடம்பில் மிச்சமிருந்த ஒரே யோக்கியமான உறுப்பு அதுதான் என்று அன்று தோன்றியது.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினாள். ரகோத்தமன். திரையில் இருந்ததை மேலிருந்து கீழ்வரை அவர் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதட்டப்போகிறார், கெஞ்சப்போகிறார் என்று எதிர்பார்த்தாள். இரண்டையும் அவர் செய்யவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எழுதுங்க தில்லை, உங்க உரிமை. பாவம், அந்தப் பொம்பளைங்க" என்றார். பிறகு எதேச்சையாக ஞாபகம் வந்தவர்போல், "மெயில் பார்த்தீங்களா? நீங்க லீவுல இருந்தப்ப வந்துது. நம்ம சரக்கை நாமளே பயன்படுத்தலேன்னா வாங்கறவன் என்ன நினைப்பான்? இன்னைலேர்ந்து நம்ம ஸ்டாஃபுக்கும் நல்லோய்வு. முதல் ஸ்கேன் இப்பதான்."

அவர் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அவள் கவனித்தாள். சட்டென்று திரும்பி, அனுப்பும் பொத்தானுக்கு அம்புக்குறியை நகர்த்தினாள். நகர்த்தும்போதே விரல்கள் சில்லிட்டன.

வலிக்கவில்லை. யாரோ தோளில் கைவைத்து உட்காரவைத்ததுபோல இருந்தது. நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது நடக்க ஆரம்பித்தது, பிறகு நின்று நிதானமாயிற்று. தொண்டையில் இருந்த நெருப்பு எங்கே போயிற்று என்று அவள் உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். ஜெசிந்தாவின் முகம் ஞாபகத்தில் இருந்தது. வரிசை ஞாபகத்தில் இருந்தது. டப்பா, சோறு, நாற்றம், எல்லாமே வரிசைப்படி இருந்தன. ஒன்றும் மறக்கவில்லை. ஒன்றும் குமட்டவும் இல்லை. கூடத்தில் முகம் கவிழ்ந்த பெண்ணை வேண்டுமென்றே கண்முன் கொண்டுவந்தாள். அது ஏதோ ஒரு கூடத்தில் யாரோ ஒரு பெண்ணாக இருந்தது. இது மிஷின் செய்வது என்றும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தால் என்ன, அதற்காக அவசரப்பட வேண்டும் என்று தோன்றவில்லை.

அம்புக்குறி பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்துவதற்குமுன் எதற்கும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். நடை கொஞ்சம் மிகையாக இருந்தது. குடல் என்ற சொல்லை எடுத்தாள். துணிப்பட்டை பற்றிய பத்தி ஒரு அரசு அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் தேவையா என்று யோசித்து, அதையும் எடுத்தாள். மணி அடித்ததைப் பற்றி ஒருபக்கத்து ஆட்கள் சொன்னதை மட்டும் கேட்டு எழுதுவது நியாயமாகாது. அது போனபின் இணைத்திருந்த பதிவுக்கு வேலையில்லை, அதையும் எடுத்தாள். மிஞ்சியது நாலே வரி. கழிப்பறை வசதியை மேம்படுத்தப் பரிசீலிக்கலாம் என்று வந்தது. படிக்க நன்றாக இருந்தது.

சுற்றிலும் அலுவலகம் அமைதியாக இருந்தது. முப்பது பேரும் திரைகளைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த பெரிய திரையில் அவர்களுடைய பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டே வந்தன.

தில்லைநாயகி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி ரகோத்தமனுக்கு இடம் விட்டாள்.

"சரியா இருக்கான்னு நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க சார்" என்றாள்.